பீடி சுற்றும் அக்காவை வரைந்துவிட்டு பிரான்ஸுக்குப் போங்கள்

கேள்வி: குடியாத்தத்துக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை நான். வயது 46. அரசு ஓவியத் தேர்வுகளான லோயர், ஹையர் எழுதி, டி.டி.சி. என்கிற தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்ப் படிப்பை முடித்து வேலைக்கு வந்தவள். நாலைந்து வருடமாக பாஸ்டலில், அதாவது வண்ணத்தூளை இறுக்கிச் செய்த குச்சிகளில், பூ, பழம், கோயில் என்று வரைகிறேன். தெற்கு பிரான்ஸில் ஒரு கிராமத்து வீட்டில் பத்து நாள் தங்கி, பாஸ்டலில் மனித உருவம் வரையக் கற்கும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த மே மாதம். டிக்கெட்டோடு நாலரை லட்சம் ஆகும் போலிருக்கிறது. சீட்டுப் பணம் இரண்டு லட்சம் இருக்கிறது. மீதிக்கு வளையலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மாடல்கள் ஆடையில்லாமல் நிற்பார்களாம். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். மாமியார் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. போகலாமா?
- பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி,

போங்கள். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம், அடுத்த மே மாதம் போங்கள். வளையலைத் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பூ இருக்கிறது, பழம் இருக்கிறது, கோயில் இருக்கிறது. ஒரு மனிதரை வரைந்ததாக ஒரு வரிகூட இல்லை. உருவம் வரைந்து கை பழகாமல் போனால், தலை எவ்வளவு, உடம்பு எவ்வளவு, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பிடிபடுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். அதைக் குடியாத்தத்திலேயே காசில்லாமல் பழகிக்கொள்ளலாம். உடம்பின் மேல் விழும் வெளிச்சம் வளைந்து நிழலுக்குள் போகிற இடத்தில் நிறம் எப்படி மாறுகிறது என்பதைத் தேர்ந்த ஒருவர் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் நின்று காட்டித்தர வேண்டும். நாலரை லட்சத்தை அதற்காகக் கொடுங்கள்.

இப்போது மாடல் விஷயம். முதன்முதலில் அப்படியொரு வகுப்பில் உட்கார்ந்தபோது எனக்கு முப்பது வயது. உள்ளங்கை வேர்த்து, கரித்துண்டு வழுக்கியது. மாடலாக வந்த அம்மாள் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மேடையில் ஏறி நின்றார். முதலில் ஒரு நிமிடப் போஸ்கள், பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். மூன்றாவது போஸிலேயே, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, அதற்கு எதிராகத் தோள் எப்படிச் சாய்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. வெட்கப்பட நேரமே கிடைக்காது. நீண்ட போஸ் என்றால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. அங்கியைப் போட்டுக்கொண்டு டீ குடிப்பார். பாதம் இருந்த இடத்தை டேப் ஒட்டிக் குறித்திருப்பார்கள். திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பார். யாரும் தொடக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. கூலி வாங்கிச் செய்கிற கடினமான வேலை அது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலும் மாடலைப் பார்த்து வரைவது படிப்பின் பகுதிதான். நீங்கள் டி.டி.சி. வழியாக வந்ததால் உங்களுக்கு அது வாய்க்கவில்லை.

இதையெல்லாம் கணவரிடம் விவரமாகச் சொல்லிவிடுங்கள். "உன் இஷ்டம்" என்பது சம்மதமா, சலிப்பா என்று தெரியாமல் விமானம் ஏறாதீர்கள். மாமியாரிடம் வாதாடி ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் வரையுங்கள். வரைந்ததை முதலில் அவரிடமே காட்டுங்கள். தன் கையை ஒருத்தி இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தால், பேசாதவரும் ஏதாவது ஒரு குறை சொல்லவாவது வாய் திறப்பார். இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்கே மனசு ஒப்பவில்லை என்றால், ஆடையணிந்த மாடல்களை வைத்து நடத்தும் பயிற்சிகளும் உண்டு. அதில் சேருங்கள், குறைவொன்றுமில்லை.

உங்கள் பக்கத்தில் மாடலுக்குப் பஞ்சமே கிடையாது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக ஒரே நிலையில் பீடி சுற்றும் அக்காக்கள் இருக்கிறார்களே! கேட்டு, சம்மதம் வாங்கி, உட்கார்ந்த நேரத்துக்குப் பணமும் கொடுத்து வரையுங்கள். திண்ணையில் வானத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அவருடைய முன்கையைப் பாருங்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் லேசாக நீலம் ஓடும். நிழலில் செம்பு நிறம். முழங்கைக்கு அடியில், புடவை பச்சையென்றால் அந்தப் பச்சை தோலில் ஏறியிருக்கும். போர்ட்ரெய்ட் செட் என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலுக்கான ரோஜா நிறங்கள்தான். காவி, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, கருஞ்சிவப்பு, ஆழ்ந்த ஊதா, ஆலிவ் பச்சை என்று தனித்தனிக் குச்சிகளாகச் சேர்த்து வாங்குங்கள். ஆயில் பாஸ்டல் வேண்டாம், சாஃப்ட் பாஸ்டல். அடர்த்தியான நிறம் முதலில், வெளிர்நிறம் கடைசியில். கெட்டிக் குச்சி முதலில், மிருதுவானது பிறகு. எல்லாவற்றையும் விரலால் தேய்த்துக் குழப்பினால் சேறாகிவிடும், கோடுகளை அப்படியே விட்டுவைக்கப் பழகுங்கள். பிரெஞ்சு ஓவியர் டெகா கண்பார்வை மங்கிய முதுமையில் குளிக்கும் பெண்களையும் தலை துவட்டும் பெண்களையும் அப்படித்தான், கோட்டின் மேல் கோடாக அடுக்கி வரைந்தார். திரும்பும்போது பாரிஸில் ஒரு நாள் ஒதுக்கி ஓர்சே மியூசியத்தில் அவருடைய பாஸ்டல்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர்க் கோட்டைக்குப் போய் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களையும் வரையலாம். குதிரை மேல் முறுக்கித் திரும்பும் உடம்புகள் அங்கே ஏராளம். ஆனால் கல் மூச்சு விடாது. வாரத்தில் மூன்று நாளாவது உயிருள்ளவர் எதிரே இருக்கட்டும்.

பணமும் காகிதமும். இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்களா என்று இன்றே எழுதிக் கேளுங்கள். ஒரு மாடலுக்கு எத்தனை பேர், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மாடல் இருப்பார், உங்களால் போக முடியாமல் போனால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். விசா கைக்கு வரும்வரை முழுப் பணமும் கட்டாதீர்கள். பிரான்ஸுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது) பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போகத் துறையின் முன் அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு நகர நாளாகும். ஓராண்டு தள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குள் இன்னொரு சீட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

குச்சிகள் அழுக்கானால் ஒரு டப்பாவில் அரிசியோடு போட்டுக் குலுக்குங்கள், பளிச்சென்று ஆகிவிடும். அந்த அரிசியைக் கொட்டிவிடுங்கள், சில நிறமிகள் விஷம். அதனால்தான் தூளை வாயால் ஊதவும் கூடாது, காகிதத்தை வெளியில் கொண்டுபோய்த் தட்டுங்கள். வரைந்த படத்தில் தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்டல் பெட்டிக்குள் ஸ்பாஞ்சை அழுத்தி மூடி, ரப்பர் பேண்ட் போட்டு, கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். நான் முதல் முறை பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பினேன். போய்த் திறந்தால் எல்லாம் தூள். முழுசாக இருந்தது ஒரே ஒரு காவிக் குச்சி.