கேசிங் குழாயை வேகமாக இறக்கினால் என்ன ஆகிவிடும்?

"எண்ணெய்க் கிணறு தோண்டியாகிவிட்டது, இனிக் குழாயை இறக்குவதற்கு எதற்கு இவ்வளவு நிதானம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேசிங் என்பது துளைச் சுவர் இடியாமல் இருக்க உள்ளே இறக்கும் எஃகுக் குழாய். கடவுச்சீட்டை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டு ரிக் (கிணறு துளையிடும் மேடை) வேலைக்குக் காத்திருக்கும் தம்பி என்று நினைத்து எழுதுகிறேன். நான் பொறியியலாளன் அல்லன், ரிக் தளத்தில் நின்றவன். சூத்திரம் வேண்டுபவர்கள் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளியைச் சட்டென்று அமுக்கியிருக்கிறீர்களா? நீர் பொங்கித் தெறிக்கும். இங்கும் அதே கதைதான். 12¼ அங்குலத் துளைக்குள் 9⅝ அங்குலக் குழாய் போகிறது. சுற்றிலும் மிஞ்சுவது ஒன்றேகால் அங்குலமும் கொஞ்சமும். துளை நிறையச் சேறு, அதாவது துளையிடும்போது ஊற்றும் கனமான திரவம், நிற்கும். நுனியில் ஒருவழி வால்வு இருப்பதால் அது குழாய்க்குள் வராது. முழுவதும் அந்த இடுக்கால்தான் மேலேற வேண்டும். அவசரப்பட்டால் அமுக்கம் கூடிப் பாறையில் வெடிப்பு விழும், சேறு அதற்குள் போய்விடும். சேற்று மட்டம் தாழ்ந்தால் கீழே கிடக்கும் வாயுவை அடக்க எடை போதாது. குழாய்க்குள்ளும் மேலிருந்து சேறு நிரப்பிக்கொண்டே வரவேண்டும். வெறுமையாக விட்டால் ஆழத்தில் அது நசுங்கக்கூடும்.

ஓமான் பாலைவனத்தில் ஓர் இரவு. பகல் ஷிஃப்ட் பிந்திப்போயிருந்தது. குழாயை இறக்கும் டிரில்லர் அதை ஈடுகட்டப் பார்த்தார். நிரப்பும் ஹோஸ் என் கையில். ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் கிணற்றிலிருந்து வெளியேறும் சேறு கீழே சல்லடையில் கொட்டுவதை ஓரக்கண்ணால் பார்ப்பது என் வழக்கம். ஒரு குழாய்க்கு அது நூலாக இறங்கியது. அடுத்ததற்கு விளக்கு வெளிச்சத்தில் சல்லடைக் கம்பிவலை வெறுமையாக மினுங்கியது. சேறு மேலே வராமல் பாறைக்குள் போகிறது என்று பொருள். கையைத் தூக்கிக் கத்தினேன். "உன்னை யார் கேட்டது?" என்றார். ஆனாலும் நிறுத்தினார். காத்திருந்து, பிறகு பாதி வேகத்தில் இறக்கினோம். சேறு மெல்லத் திரும்பியது. அன்று ஒன்றும் வெடிக்கவில்லைதான். அதனால் என் பேச்சு மிகை என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். மறுநாள் அறிக்கையில் "குழாய் இறுக்கும் இடுக்கி பழுது, தாமதம்" என்று எழுதியிருந்தது. என் பெயர் வேண்டாம், காரணத்தையாவது எழுதியிருக்கலாம்.

திருகோணமலைக்கு வந்தால் இன்னொரு தொல்லை. எண்ணெய் வேலை என்றதும் மாமா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை, "சீனக்குடாவில் மகனைச் சேர்த்துவிடு" என்கிறார்கள். அங்கே இருக்கும் பிரித்தானியர் காலத்து 99 தாங்கிகளும் எண்ணெயைத் தேக்கி வைக்கக் கட்டியவை. துளை போடுகிறவனுக்கு அங்கே என்ன செல்வாக்கு? சொன்னால், ஒளிக்கிறான் என்று கோபம்.

நீங்கள் போனால் முதல் நாளே அந்தச் சல்லடை எங்கிருந்து தெரியும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.