பேராசை, போதும் என்ற மனம் - இதையெல்லாம் சிரிப்புப் படக்கதைகள் மூலம் பிள்ளைகளுக்குப் புரியவைக்க முடியுமா?

முடியும். ஆனால் கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு முறை நான் கேட்டேன். அதுவரை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த என் நான்கு வயது மகள், புத்தகத்தை மூடிவிட்டு மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கரடி. கண்ணில் படுகிற பந்தையெல்லாம் வாரி அணைத்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் எழுத்தில் இருப்பது ஒரே வரிதான்: "இன்னும் ஒன்றே ஒன்று!" படத்திலோ, புதுப் பந்துக்குக் கை நீளும்போதே முதுகுப் பக்கம் பழைய பந்து நழுவிக்கொண்டிருக்கும். கரடிக்கு அது தெரியாது. வாசிக்கிற அம்மாவும் சொல்வதில்லை. பிள்ளைக்கு மட்டும் தெரியும். அந்தப் பந்தை விரலால் தட்டித் தட்டி, "அங்க விழுது, அங்க விழுது!" என்று கத்துவாள். எழுத்து ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைக் காட்டுகிற புத்தகமாகப் பார்த்து எடுங்கள். பேராசை எவ்வளவு அசட்டுத்தனமானது என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

திரும்பத் திரும்ப வந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகிற கதைகளும் நன்றாக எடுபடும். 1812-ல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட மீனவனும் மனைவியும் கதை அப்படித்தான். கேட்டதைத் தருகிற மந்திர மீன் ஒன்று மீனவனுக்குக் கிடைக்கிறது. மனைவிக்கோ வீடு கிடைத்ததும் கோட்டை, அப்புறம் அரச பதவி, சக்கரவர்த்தி, போப், கடைசியில் கடவுளாகவே ஆக வேண்டும் என்பாள். அவள் கேட்கக் கேட்கக் கடலின் நிறம் மாறி அலை பெரிதாகும். மூன்றாவது தடவைக்குள் பிள்ளைகளுக்கு இது பிடிபட்டுவிடும். பக்கத்தைப் புரட்டாமல் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள், அடுத்து என்ன கேட்பாள் என்று அவர்களே சொல்வார்கள்.

விலங்குக் கதைகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பகிர்வதைப் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும் சிலருக்கு விலங்குப் பாத்திரங்களோடும் வாசித்தார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் தங்கள் ஸ்டிக்கர்களை முன்பைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். அதனால் நான் இரண்டையும் கலந்து வாசிக்கிறேன்.

போதும் என்ற மனதைப் படத்தில் காட்டுவதுதான் கடினம். பேராசைக்கு ஓட்டம், விழுதல், உடைதல் எல்லாம் உண்டு. திருப்தியாக இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத்தான் படத்தில் தெரியும். கரடிப் புத்தகத்தை எழுதியவர் இதை அழகாகச் சமாளித்திருக்கிறார். எல்லாப் பந்தும் உருண்டோடிய பிறகு கரடியின் கையில் ஒன்றே ஒன்று மிச்சம். அப்போதுதான் அதை எறிந்து பிடித்து விளையாடவே முடிகிறது. பேராசைக்காரர் செத்துப்போகிற, எல்லோராலும் துரத்தப்படுகிற புத்தகங்களை நான் எடுப்பதில்லை. அவை பயத்தைத்தான் கொடுக்கும்.

இன்னொன்று, ஆசைப்படுவது வேறு, பேராசை வேறு. பிள்ளை இன்னொன்று கேட்டதுமே "நீயும் அந்தக் கரடி மாதிரி" என்று சொல்லிக்காட்டாதீர்கள். அப்புறம் அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள்.

போன வாரம் மகள் தம்பிக்கு ஒன்றுகூட விடாமல் கட்டைகளையெல்லாம் நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒன்று நழுவி விழுந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், களுக்கென்று சிரித்துவிட்டாள். இரண்டைக் கீழே வைத்தாள். தம்பி கையில் கொடுக்கவில்லை, தரையில்தான் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டான், அவள் பிடுங்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை.