வழியில் வராத வண்டி

அன்புள்ள ஐயா,

எடுபடாமல் போன கருவிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் சின்க்ளேர் சி5 என்ற பிரிட்டிஷ் பேட்டரி வண்டியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் ஓசூரில் பேட்டரி வண்டி வடிவமைக்கும் சிறிய குழு ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் பேச்சில் அந்த மூன்று சக்கர வண்டி அடிக்கடி வரும், பெரும்பாலும் கேலியாக. வாஷிங் மெஷின் மோட்டாரைப் போட்டு ஓட்டினார்களாம் என்பார்கள். எனக்கு அது காலத்துக்கு முந்திப் பிறந்த வண்டி என்றுதான் தோன்றுகிறது. இன்றைய லித்தியம் பேட்டரி அன்றே இருந்திருந்தால் ஜெயித்திருக்கும், இல்லையா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

ஒரே வரியில் கடந்திருக்கக் கூடாதுதான். எனக்கு அந்த வண்டி மேல் பிரியமும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மோட்டார் கதை. அது உண்மையில்லை. வண்டியின் பாகங்களைப் பொருத்தி முடித்தது வேல்ஸில் மெர்த்தர் டிட்ஃபில் என்ற ஊரில் இருந்த ஹூவர் தொழிற்சாலை. ஹூவர் என்றால் அங்கே எல்லோருக்கும் வாஷிங் மெஷின்தான் நினைவுக்கு வரும், கதை அப்படிக் கிளம்பியது. மோட்டார் இத்தாலியில் செய்தது. அடிச்சட்டத்தை உருவாக்கிக் கொடுத்தவர்கள் பந்தயக் கார் செய்யும் லோட்டஸ்காரர்கள். ஏனோதானோ என்று செய்த வண்டி இல்லை அது.

இந்த வண்டியைக் கொண்டுவந்த கிளைவ் சின்க்ளேர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுபோனவர், 1983இல் சர் பட்டம் வாங்கியவர். அதே ஆண்டு பிரிட்டனில் ஒரு விதி வந்தது. மிதிகட்டை உள்ள பேட்டரி வண்டியை 14 வயது நிரம்பிய யாரும் ஓட்டலாம். உரிமம், சாலை வரி, காப்பீடு எதுவும் வேண்டாம். ஆனால் மோட்டார் மணிக்கு 15 மைலுக்கு மேல், அதாவது 24 கிலோமீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது. மூன்று சக்கரமென்றால் மோட்டார் 250 வாட், எடை 60 கிலோ, அதற்குமேல் போகக் கூடாது. சின்க்ளேர் இந்த வாசலைப் பார்த்துவிட்டார். தன் கணினி நிறுவனத்தில் இருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்று, சுமார் 1.2 கோடி பவுண்டு திரட்டி இதில் இறங்கினார். விலை 399 பவுண்டு. அவருடைய கணினிகளைப் போலவே தொடக்கத்தில் தபால் வழி விற்பனை. வண்டி அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்து இறங்கும். வாங்குகிறவர் அதில் ஒருமுறை உட்கார்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் தன் கொட்டகையில் ஒன்று வைத்திருந்தார். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. உட்கார்வதென்றால் ஏறக்குறையத் தரையில் கால் நீட்டிச் சாய்வதுதான். கைப்பிடி கண்ணுக்கே தெரியாது. முழங்காலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டு கையையும் பக்கவாட்டில் தொங்கவிட்டுத் துழாவிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஆச்சரியம், அது உடம்புக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது! கைப்பிடியிலேயே பிரேக், மோட்டாருக்கு ஒரு பொத்தான். இருக்கையையும் மிதிகட்டையையும் முன்பின் நகர்த்த முடியாது. என் முழங்கால் மடங்கியபடியே இருந்தது. கியர் இல்லை, ரிவர்ஸ் இல்லை. திருப்ப வேண்டுமென்றால் இறங்கி முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். அவர் அதைச் செய்து காட்டினார், தொட்டியில் மாட்டைத் திருப்பிக் கட்டுவதுபோல.

அங்கே உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. என் கண்ணுக்கு முன்னால் அதன் சக்கரம்தான் இருந்தது. வண்டியின் மொத்த உயரம் ஏறக்குறைய 79 சென்டிமீட்டர். லண்டன் சாலையில் லாரிகளுக்கு நடுவே இதில் போகிறவரை லாரி ஓட்டுநர் எங்கிருந்து பார்ப்பார்? பின்னால் வருகிறவர் கண்ணுக்குத் தெரிவதற்காக ஓர் உயரக் கம்பம் உண்டு. ஆனால் அது வண்டியோடு வராது, தனிக் காசு. கண்ணாடியும் ஹாரனும் அப்படித்தான். என் கோபமெல்லாம் இதில்தான். விலையை 399இல் நிறுத்த வேண்டும் என்பதற்காக ஓட்டுகிறவரின் உயிரைக் காக்கும் பொருளை உபரிப் பட்டியலில் போட்டிருக்கக் கூடாது.

அறிமுகம் 1985 ஜனவரி 10, லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில். அந்தக் கட்டடம் நிற்பது மேட்டில், அதுவும் நடுக்குளிரில். வண்டியில் இருந்தது ஈய பேட்டரி, அதற்குக் குளிர் ஆகாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 20 மைல் போகும் என்று சொன்ன வண்டி சில நிருபர்களிடம் பாதியில் நின்றது. ஏற்றத்தில் மோட்டார் சூடேறி ஓய்ந்துவிட, கியர் இல்லாத வண்டியைக் காலால் மிதித்து ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் பத்திரிகைகள் எப்படி எழுதியிருக்கும், பாருங்கள்.

முதலாண்டிலேயே 1,00,000 வண்டி விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். செய்தது சுமார் 14,000. நிறுவனம் மூழ்கும் முன் விற்றது 5,000 அளவில். ஆகஸ்டில் உற்பத்தி நின்றது, அக்டோபரில் கணக்கை முடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கணினிச் சந்தையும் அப்போது படுத்திருந்ததால் அடுத்த ஏப்ரலில் கணினித் தொழிலையும் ஆம்ஸ்ட்ராட் என்ற போட்டி நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விட்டுக்கொடுத்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லித்தியம் அயனி பேட்டரி சோனி வழியாகச் சந்தைக்கு வந்தது 1991இல். அது முன்பே இருந்திருந்தால் தூரம் கூடியிருக்கும், குளிரில் அவ்வளவு சோர்ந்திருக்காது, எடையும் குறைந்திருக்கும். ஆனால் அந்த 79 சென்டிமீட்டரை எந்த பேட்டரி மாற்றும்? இன்று ஐரோப்பாவெங்கும் ஓடுகிற பேட்டரி சைக்கிள்களும் அதே 250 வாட் மோட்டாரும் மிதிகட்டையும்தான். நம் நாட்டு விதியும் கிட்டத்தட்ட அதுவே: 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் என்றால் அந்த இருசக்கர வண்டிக்கு உரிமம் வேண்டாம். வித்தியாசம், அதில் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், கார் ஓட்டுகிறவர் கண்ணில் படுகிறார். ஆகவே காலத்துக்கு முந்தியது என்று நான் சொல்லமாட்டேன். சின்க்ளேர் விதியின் எழுத்தை நுணுக்கமாகப் படித்தார், சாலையை அந்த அளவுக்குப் படிக்கவில்லை.

ஆனால் அவரை இளக்காரமாகப் பேசுவதையும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இத்தனை அடிபட்ட பிறகும் 1992இல் ஸைக் என்று ஒரு பேட்டரி சைக்கிளோடு வந்தார். அதுவும் எடுபடவில்லை. 2021இல் இறக்கும்வரை மின்சார வண்டியில் அவருக்கு நம்பிக்கை குறையவில்லை. பெட்ரோல் இல்லாமல், உரிமம் இல்லாமல், பள்ளிப் பிள்ளைகூட ஓட்டக்கூடிய மலிவான வண்டி என்று 40 ஆண்டுகளுக்கு முன்பே ஆசைப்பட்டவர் அவர்.

உங்கள் குழு செய்கிற வண்டி என்ன என்று எழுதவில்லையே. மூன்று சக்கரமென்றால் ஓர் உதவி செய்யுங்கள். மாதிரி வண்டி தயாரானதும் காலை எட்டரைக்கு ஓசூர் பேருந்து நிலையத்துக்கு வெளியே அதை நிறுத்தி, குழுவில் இருப்பதிலேயே குட்டையானவரை உட்காரவையுங்கள். வளைவில் திரும்புகிற பேருந்தின் ஓட்டுநரிடம், 'அண்ணே, வண்டி தெரிஞ்சுதா?' என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.