அன்ஃபார்ச்சுனட்லி: நான்கா, ஐந்தா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘அன்ஃபார்ச்சுனட்லி’யை அன் – ஃபார்ச்சுன் – அட் – லி என்று நான்கு சிலபிளாகப் பிரித்தாள். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். ‘ஃபார்ச்சுன்’ முழுச்சொல்தானே, அதை ஏன் உடைக்க வேண்டும்?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: உங்கள் மகள் எழுதியது சொல் உருவான விதம். கேட்டதோ சிலபிள், அதாவது ஓர் உயிரொலியைச் சுற்றி வரும் ஒலித்துண்டு. ‘வயலோரம்’ என்று சொல்லிப் பாருங்கள். பொருள் வயல் + ஓரம் என்று பிரியும். வாயில் வ–ய–லோ–ரம் என்றுதான் வரும். மெய்மேல் உயிர் ஏறுகிற அதே சங்கதிதான் இங்கும். ‘ஃபார்ச்சுன்’ முழுச்சொல்தான், ஆனாலும் வாயில் ஃபார்–ச்சுன் என்று இரண்டு துண்டு. அதோடு ‘அட்’ சேர்ந்ததும் ‘ன்’ அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது: அன்–ஃபார்–ச்சு–னட்–லி, ஐந்து. எழுத்தில் யூஎன் / எஃப்ஓஆர் / டியூ / என்ஏடிஈ / எல்ஒய். அழுத்தம் ‘ஃபார்’ மேல். ‘நேட்லி’ என்று நீட்டக் கூடாது.

சொல்லாக்கம் கேட்டால்: ஃபார்ச்சுன் பெயர்ச்சொல். அதன் கடைசி ஈ போய் ஏடிஈ சேர்ந்தால் ஃபார்ச்சுனட், பெயரடை. முன்னால் ‘அன்’ வந்து எதிர்மறையாக்கும். கடைசியில் எல்ஒய், நம்முடைய ‘ஆக’ மாதிரி, வினையடையாக்கும். ‘ட்ரூ’வில் எல்ஒய் சேரும்போது ஈ விழும், இங்கே விழாது. பிள்ளைகள் இந்த ஈயை விட்டுவிட்டு எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள், பாவம்.

உயிரெழுத்துகளை எண்ணினால் ஒய்யோடு ஆறு வரும். அந்த ஈ ஒலிப்பதில்லை, அதனால் அந்தக் கணக்கு ஏமாற்றும். உச்சரிப்பைத் தமிழில் எழுதுங்கள். புள்ளியெழுத்தையும் ஆய்தத்தையும் அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். அ, பா, சு, ன, லி: ஐந்து. ஆனால் உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டும். ‘குவிக்லி’ என்று எழுதினால் மூன்று வரும். ‘க்விக்லி’தான் சரி, இரண்டே. ‘பேசிக்கலி’யில் நான்கு வரும், எழுத்தில் ஏஎல் இருந்தாலும் பேச்சில் ‘பேசிக்லி’, மூன்றுதான்.

யாப்பில் படித்த அசையை இதோடு குழப்பவே கூடாது. யாப்பில் ‘திரு’ ஒரே நிரையசை. திரு/நெல்/வே/லி, நான்கு அசை. சிலபிள் கணக்கில் தி–ரு–நெல்–வே–லி, ஐந்து.