இரண்டு மாத ஒத்திவைப்பு

ஐயா, வணக்கம். இலங்கை அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கட்டியது என்று எழுதியிருந்தீர்கள். பிறகு எப்படி 2018இல் மைத்திரிபால சிறிசேன பாராளுமன்றத்தைக் கலைத்தார்? அந்தத் திருத்தத்தால் என்ன பலன்?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கலைப்பு நிற்கவில்லை. நவம்பர் 9 இரவு வர்த்தமானி வந்தது. 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, மறுநாளே சபை கூடியது. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைப்பு செல்லாது என்றார்கள்.

வழக்கே இரண்டு உறுப்புரைகளைப் பற்றியதுதான். கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று 33(2) பொதுவாகச் சொல்கிறது. முதல் கூட்டத்திலிருந்து நாலரை ஆண்டு ஆகுமுன் கலைக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும் என்றது 19ஆவது திருத்தம் கொண்டுவந்த அன்றைய 70(1). அந்தப் பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1. நாலரை ஆண்டு முடிய 2020 மார்ச் ஆகும். 33(2)ஐத் தனி அதிகாரமாக எடுத்துக்கொண்டால் 70(1) வெற்று எழுத்தாகிவிடும். நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே படித்தது. திருத்தத்தின் பலன் அதுதான்.

என் கவலையெல்லாம் ஒத்திவைப்பு, அதாவது சபையைக் கலைக்காமலே அதன் கூட்டத்தொடரை நிறுத்திவைப்பது பற்றித்தான். 2018 ஒக்டோபர் 26இல் பிரதமரை மாற்றினார்கள், மறுநாளே சபையை ஒத்திவைத்தார்கள். பெரும்பான்மை யாருக்கு என்று எண்ணிப் பார்க்கவே வழியில்லை. ஒத்திவைக்கக் காரணம் காட்டத் தேவையில்லை, இரண்டு மாதத்துக்குள் திரும்பக் கூட்டினால் போதும். 2001 ஜூலையில் நம்பிக்கையில்லாப் பிரேரணை நெருங்கியபோது அன்றைய ஜனாதிபதி சந்திரிக்கா குமாரதுங்க கையிலெடுத்ததும் இதைத்தான். உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பேசி இழுக்க இரண்டு மாதம் தாராளம்.

ஜனாதிபதியைப் பதவி நீக்கும் குற்றப்பிரேரணையை நம்பிப் பயனில்லை. 225 பேரில் 150 பேர் இருமுறை வாக்களிக்க வேண்டும், இடையில் உயர் நீதிமன்ற விசாரணை வேறு. இதுவரை எந்த ஜனாதிபதியும் அப்படி நீக்கப்பட்டதில்லை. சபைக்கு உண்மையான பிடி பணத்தில் இருக்கிறது. அரச நிதி மீது பாராளுமன்றத்துக்கே முழுக் கட்டுப்பாடு என்கிறது 148ஆவது உறுப்புரை. 2018 நவம்பர் 29இல் பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தும் பிரேரணையை 123 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். ஆனால் அதற்கும் சபை கூடியிருக்க வேண்டுமே!

2020இல் 20ஆவது திருத்தம் கலைப்புக்கான அந்த நாலரை ஆண்டை இரண்டரையாகக் குறைத்தது. 2022இல் வந்த 21ஆவது திருத்தமும் அதை மாற்றவில்லை. நம்பிக்கையில்லாப் பிரேரணை சபாநாயகர் கைக்கு வந்துவிட்டால், அதன் மீது வாக்கெடுப்பு நடக்கும்வரை ஒத்திவைக்கக் கூடாது என்று 70ஆவது உறுப்புரையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அடுத்த திருத்தத்தில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.