இரண்டு நாள் தீவு விடுமுறை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்களுக்குச் சனி, ஞாயிறு மட்டுமே விடுமுறை. பரபரப்பில்லாத ஒரு தீவுக் கடற்கரை ஊருக்குச் சென்று திரும்ப இரண்டு நாள் போதுமா? எந்தத் தீவைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: போதும். ஆனால் தீவை முடிவு செய்வதற்கு முன் படகை முடிவு செய்யுங்கள். பெரும்பாலோர் படங்களைப் பார்த்து ஊரைத் தீர்மானித்துவிட்டு, அங்கே போய்ச் சேரும் வழியைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து தீவின் துறைக்குப் போய்ச் சேர அரை நாள் பிடிக்குமானால், போவதற்கு அரை நாள், வருவதற்கு அரை நாள் என்று விடுமுறையில் பாதி வழியிலேயே செலவாகிவிடும். நாளுக்குப் பலமுறை படகு ஓடுகிற, ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணத்தில் சேர்ந்துவிடக்கூடிய தீவே இரண்டு நாளுக்கு ஏற்றது.

அடுத்ததாக, அந்த ஊரில் மோட்டார் வாகனங்கள் ஓடுகின்றனவா என்று விசாரியுங்கள். ஊரின் நிதானத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் மேக்கினா தீவு 1898-லேயே மோட்டார் வாகனங்களைத் தடை செய்துவிட்டது. இன்றும் அங்கே குதிரை வண்டியும் சைக்கிளும்தான். கிரேக்க நாட்டின் ஹைட்ரா தீவில் பயணிகளின் பெட்டிகளைக் கழுதைகள் சுமக்கின்றன. பெலீஸ் நாட்டின் கீ கால்கர் தீவு, ‘மெதுவாகப் போ’ என்பதையே ஊரின் கொள்கை வாசகமாக வைத்திருக்கிறது. மணல் தெருக்களைக் கொண்ட அந்தச் சிறு ஊரை நடந்தே சுற்றிவிடலாம். இத்தகைய ஊர்களில் துறையிலிருந்து அறை வரை உங்கள் பையை நீங்களே தூக்க நேரலாம் என்பதால், சக்கரம் வைத்த பெரிய பெட்டியைத் தவிர்த்துத் தோளில் மாட்டும் பையாகக் கொண்டு செல்லுங்கள். மணலில் சக்கரம் உருளாது.

ஒரே தீவிலும் காற்றை எதிர்கொள்ளும் கரை வேறு, காற்று மறைவான கரை வேறு. முன்னதில் அலை ஓங்கியடிக்கும். பின்னதில் கடல் அமைதியாக இருக்கும். நீங்கள் செல்லும் மாதத்தில் காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள். விடுதியின் அழகைவிட இது முக்கியம். ஞாயிறு மாலையின் கடைசிப் படகை நம்பியிராமல், அதற்கு முந்தைய படகில் இடம் பிடியுங்கள். காற்று வலுத்தால் முதலில் நிறுத்தப்படுவது சிறு படகுகள்தான்.

கேள்வி: படகில் ஏறினாலே எனக்குக் குமட்டும். என்ன செய்யலாம்?

பதில்: படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தொடுவானம் கண்ணுக்குத் தெரியும்படி அமருங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. புத்தகமும் கைபேசியும் வேண்டாம். மாத்திரை எடுப்பதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, படகு புறப்படுவதற்கு முன்பே எடுங்கள்; குமட்டல் தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரையால் பெரிதாகப் பயன் இருக்காது.

கேள்வி: காலையில் காலடி வரை வரும் கடல் பிற்பகலில் வெகுதூரம் விலகிவிடும் என்கிறார்கள். நீந்துவதற்கு எது நல்ல நேரம்? பிள்ளைகளுடன் செல்வதால் கேட்கிறேன்.

பதில்: எல்லாக் கரைகளிலும் கடல் அவ்வளவு தூரம் விலகுவதில்லை, ஆனால் விலகும் இடங்களில் உங்கள் நாளை வகுத்துக் கொடுப்பது கடிகாரமல்ல, ஏற்றவற்றமே. பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் உச்சத்துக்கு ஏறும். ஆகவே சனிக்கிழமை காலை 9 மணிக்கு உச்சம் என்றால், ஞாயிறன்று அது 10 மணியை நெருங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பவளப்பாறை சூழ்ந்த தீவுகளில் நீர் ஏறியிருக்கும்போது நீந்துவதே நல்லது. வற்றிய நேரத்தில் பாறை வயிற்றை உரசும் அளவுக்கு நீர் குறைந்துவிடும், உங்களுக்கும் காயம், பவளத்துக்கும் சேதம். வற்றிய நேரத்தைப் பிள்ளைகளுடன் பாறைக் குட்டைகளில் நண்டும் நட்சத்திர மீனும் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நீச்சலைவிட அதுவே பிடித்துப்போகவும் கூடும்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவை நிலத்தோடு இணைக்கும் சாலையே நாளுக்கு இருமுறை கடலுக்குள் மூழ்கிவிடும். கடக்கக்கூடிய நேரங்களின் அட்டவணையைச் சாலையின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தும், அதை மதியாமல் காரோடு நடுவழியில் மாட்டிக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்ச வேண்டியது பேரலையை அல்ல, அலைகளுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் பட்டையை. இருபுறமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் சற்றுக் கருத்து, அலையின்றிக் கிடந்தால், கரைக்கு வந்த நீர் அவ்வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது என்று பொருள். விவரம் அறியாதவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று எண்ணி இறங்குகிறார்கள். அந்த நீரோட்டம் சில வேளைகளில் நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் பாயும். தேர்ந்த நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்தபடி மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து விலகி, அதன் பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத கரையில் பிள்ளைகளை முழங்காலளவு நீருக்கு அப்பால் விடாதீர்கள்.

கேள்வி: வெயில் தடுப்புக் களிம்புகளைச் சில தீவுகளில் பறிமுதல் செய்கிறார்களாமே?

பதில்: எல்லாவற்றையும் அல்ல. பவளத்துக்குக் கேடு செய்வதாகக் கருதப்படும் சில வேதிப்பொருட்கள் கலந்தவற்றுக்கே தடை. பலாவ் நாடு 2020 ஜனவரி முதலும், ஹவாய் 2021 ஜனவரி முதலும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவை கலந்த களிம்புகளைத் தடுத்துள்ளன. ஹவாயில் தடை விற்பனைக்கு, பலாவில் எடுத்துச் செல்வதற்கும். கடலில் கலக்கும் அளவில் இவை எவ்வளவு தீங்கு செய்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பும் முழுக்கைச் சட்டையும் இருந்தால் இந்த வழக்கிலிருந்தே நீங்கள் விலகிவிடலாம்.

கேள்வி: ஞாயிறு காலை ஆக்சிஜன் உருளையோடு ஆழ்கடலில் மூழ்கிப் பார்த்துவிட்டு, அன்று மாலையே விமானத்தில் திரும்பலாம் என்று திட்டமிட்டுள்ளோம். சரிதானே?

பதில்: சரியல்ல. முதலில் ஒரு திருத்தம்: அந்த உருளையில் பொதுவாக இருப்பது அழுத்தப்பட்ட சாதாரணக் காற்று. அதிலுள்ள நைட்ரஜன்தான் இங்கே சிக்கல். ஆழத்தின் அழுத்தத்தில் அது உடலின் திசுக்களில் கரைந்து தங்கி, பின்னர் மெல்ல மெல்ல வெளியேறும். அது வெளியேறி முடிவதற்குள் அழுத்தம் குறைந்த விமான அறைக்குள் சென்றால், சோடா புட்டியைத் திறந்ததுபோல் உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றி, மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். ஒரே ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. ஆகவே மூழ்குவதைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டு, ஞாயிறன்று மேற்பரப்பில் மிதந்தபடியே குழாய் வழியாக மூச்சுவிட்டு மீன்களைப் பாருங்கள். அதற்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: நாம் எல்லோரும் போய்ப் போய்த்தானே தீவுகள் பாழாகின்றன? போகாமலிருப்பதே நல்லதல்லவா?

பதில்: கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவில் கழிவுநீர் கடலில் கலந்ததால், அரசு 2018 ஏப்ரலில் அதைப் பயணிகளுக்கு ஆறு மாதம் மூடியது. தாய்லாந்தின் மாயா வளைகுடா அதே ஆண்டு ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மறுபடியும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் அங்கே திரும்பி வந்தன.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நெருக்கடி குடிநீர். மணல் தீவுகளில் மழைநீர் நிலத்தடியில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அந்த நன்னீர் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதை அப்படியே திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு சாண் குறைந்தால், கீழிருந்து உப்பு பல மீட்டர் ஏறிவிடும். கிணற்றை மிஞ்சி இறைத்த தீவில் முதலில் உப்புக் கரிப்பது ஊர்க்காரரின் குடிநீர்தான். விடுதியில் தங்குபவருக்குப் புட்டித் தண்ணீர் வந்துவிடும். போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அந்த ஊர்களில் பலருக்குப் பயணிகளே பிழைப்பு. கூட்டம் குறைந்த மாதத்தில் செல்லுங்கள். நீச்சல் குளம் வைத்த விடுதியைத் தவிர்த்துவிடுங்கள். நாற்புறமும் கடல் இருக்கும்போது குளம் எதற்கு?

கேள்வி: கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு, ஒரு பிடி மணல் ஆகியவற்றை நினைவாக எடுத்து வரலாமா?

பதில்: வேண்டாம். வெறும் சங்கு என்று நீங்கள் நினைப்பது காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஒன்றின் அடுத்த வீடாக இருக்கலாம். பவளத்தை எல்லை கடந்து கொண்டு செல்வதற்குப் பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு. இத்தாலியின் சார்டினியாவில் மணலை எடுத்துச் சென்றவர்களுக்கு அபராதமே விதித்திருக்கிறார்கள்.