கேஸ் உலைக்கு பர்னரை நாமே செய்துகொள்ளலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கத்தி, உளி போன்ற சிறு வேலைகளுக்கு ஒரு கேஸ் உலை அமைக்கப் போவதாகவும், பர்னரை நீங்களே செய்தால் வெடித்துவிடுமோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். குழாய் வேலை கொஞ்சம் பழகியிருந்தால் போதும், பர்னர் பெரிய வித்தை இல்லை. பணமும் கவனமும் போக வேண்டிய இடம் சிலிண்டருக்கும் பர்னருக்கும் நடுவில் உள்ள லைன். எரிகிற கேஸ் கண்ணுக்குத் தெரியும், சத்தமும் போடும். எரியாமல் வெளியே வந்து தேங்குகிற கேஸுக்குத்தான் பயப்பட வேண்டும்.

முதலில் ரெகுலேட்டர். சமையல் அடுப்பு ரெகுலேட்டர் ஏறக்குறைய 30 மில்லிபார் அழுத்தத்தில்தான் கேஸ் விடும். காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் வெஞ்சுரி பர்னருக்கு அது போதாது, பொதுவாக 0.2 முதல் 1 பார் வரை வேண்டும். இங்கேதான் சிலர் ரெகுலேட்டரையே கழற்றிவிட்டு நேரடியாக ஒரு வால்வை மாட்டிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். புரோப்பேன் (பியூட்டேனோடு சேர்ந்து எல்பிஜியில் இருக்கும் வாயு) சிலிண்டருக்குள் 20 டிகிரி செல்சியஸிலேயே 7 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். வெயில் ஏறினால் அதுவும் ஏறும். 0 முதல் 2 பார் வரை திருகி மாற்றக்கூடிய, மீட்டர் வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டர் வாங்குங்கள். ஹோஸும் எல்பிஜிக்கு உரியதாக இருக்கட்டும். அசிட்டிலீனுக்கு மட்டுமே என்று விற்கும் ஹோஸ் இதற்கு ஆகாது. கால் திருப்பில் மூடும் பால் வால்வு ஒன்று, அளவை நுணுக்கமாக மாற்ற ஊசி வால்வு ஒன்று. பால் வால்வு உலை வாய்க்கு எதிரே இருக்கக் கூடாது. அவசரத்தில் நெருப்பைத் தாண்டிக் கை நீட்ட முடியாது.

மரை இணைப்புகளுக்கு கேஸுக்கான டேப் சுற்றுங்கள், குழாய் முனையை விரித்துப் பொருத்தும் ஃப்ளேர் இணைப்புகளுக்கு எதுவும் சுற்ற வேண்டாம். அப்புறம் லைனில் அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி மெதுவாகத்தான் பெருகும், அதனால் ஒரு நிமிடமாவது உற்றுப் பார்க்க வேண்டும்.

பர்னருக்கு பலரும் எடுப்பது முக்கால் அங்குலக் குழாய். கேஸும் காற்றும் கலக்கிற பகுதி, விட்டத்தைப் போல எட்டு ஒன்பது மடங்கு நீளம். கேஸைக் குழாய்க்குள் பீய்ச்சும் ஜெட்டுக்கு 0.9 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. மிக் வெல்டிங்கில் கம்பி வெளிவரும் முனையான டிப் இதற்கு நன்றாகப் பொருந்தும். ஜெட் குழாயின் நடு அச்சில் நேராக நிற்க வேண்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் சுடர் ஒரு பக்கமாக இழுக்கும். ஐந்து, ஆறு லிட்டர் கொள்ளளவு உள்ள உலைக்கு இப்படி ஒரு பர்னர் போதும். சூடு படும் இடத்தில் ஜிஐ பைப் மட்டும் வேண்டாம். மேலே பூசிய துத்தநாகம் புகையாகி, சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிருமாகப் படுக்க வைத்துவிடும்.

பர்னருக்குள்ளிருந்து ‘பக் பக்’ என்று சத்தம் வந்தால், சுடர் பின்வாங்கிக் குழாய்க்குள் எரியப் பார்க்கிறது என்று அர்த்தம். கலவை வெளியே வரும் வேகம் சுடர் பரவும் வேகத்தைவிடக் குறைந்தால் இப்படி நடக்கும். அழுத்தத்தை அதிகமாகக் குறைத்திருப்பீர்கள், அல்லது பர்னர் குழாயே சூடேறியிருக்கும். உடனே கேஸை மூடி, ஆறவிடுங்கள். வேலை முடிந்த பிறகும் இதே சிக்கல் உண்டு. பர்னர் உலையின் மேல்புறம் இருந்தால், உள்ளே இருக்கும் சூடு புகைபோக்கியில் ஏறுவதுபோல அதன் வழியே ஏறிக்கொண்டே இருக்கும். அணைத்ததும் காற்று வரும் துளைகளை மூடிவிடுங்கள்; மறுபடி பற்றவைக்கும் முன் திறக்க மறக்காதீர்கள்.

காற்றை விசிறியால் ஊதும் ப்ளோயர் வைத்த பர்னருக்கு இன்னொரு ஆபத்து: கரண்ட் போனால் காற்று நிற்கும், கேஸ் நிற்காது. கரண்ட் இருந்தால் மட்டும் திறந்திருக்கும் சோலினாய்டு வால்வு ஒன்றை கேஸ் லைனில் போடாமல் ப்ளோயர் பக்கமே போகாதீர்கள். ஓட்டும்போது காற்று முதலில், கேஸ் பிறகு. நிறுத்தும்போது கேஸ் முதலில், காற்று கடைசியில்.

பற்றவைக்கும்போது முன்கதவைத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். நீளமான லைட்டரின் சுடர் பர்னர் வாயில் இருக்க வேண்டும், அதன் பிறகே கேஸைத் திறக்க வேண்டும். ஓரிரு நொடிக்குள் பற்றாவிட்டால் மூடிவிட்டு, சில நிமிடம் காற்றாடவிட்டு மறுபடி முயலுங்கள். அணைக்கும்போது சிலிண்டர் வால்வை முதலில் மூடினால் ஹோஸில் மிச்சமிருப்பதும் எரிந்து தீரும். லைனில் எங்காவது தீப்பிடித்தாலும் முதலில் சிலிண்டரைத்தான் மூட வேண்டும். கேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சுடரை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் அறையில் நிறையும்.

புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் இரண்டுமே பள்ளத்துக்கும் சாக்கடைக்கும் போய்த் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதம் சேர்ந்தாலே பற்றும். அதனால் நிலவறையில் உலை வேண்டாம். இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. சூட்டில் இரும்பின் மேல் படியும் துருச் செதில் குறையட்டும் என்று கேஸை சற்றுக் கூட்டி வைப்போம் இல்லையா, அப்போது அது நிறையவே வரும், மணமும் இருக்காது. திறந்தவெளிதான் நல்லது. கூரைக்கடியில் என்றால் எதிரெதிர்க் கதவுகள் திறந்திருக்கட்டும், ஒரு சிஓ அலாரமும் இருக்கட்டும்.

நீண்ட நேரம் ஓட்டினால் சிலிண்டர் வெளியே பனி பூத்து அழுத்தம் இறங்கும். திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே எடுத்துக்கொள்வதுதான் காரணம். பெரிய சிலிண்டருக்கு மாறலாம். அதன்மேல் சுடர் காட்டிச் சூடாக்க நினைக்கக்கூட வேண்டாம், படுக்க வைக்கவும் கூடாது; படுத்தால் திரவமே லைனுக்குள் வரும்.

உள்பூச்சுக்கு செராமிக் ஃபைபர் போர்வை வைப்பதானால் அதை வெறுமனே விடாதீர்கள். அதன் இழைகள் நுரையீரலுக்குள் போகும் அளவு நுண்ணியவை. இழைகளை இறுக்கிப் பிடிக்கும் ரிஜிடைசர் திரவத்தைத் தெளித்துக் காயவைத்து, மேலே சூடு தாங்கும் தீக்காரை பூசுங்கள். வெட்டும்போது துணி முகக்கவசம் போதாது, நுண்ணிய தூசியை வடிகட்டும் பி100 முகக்கவசம் வேண்டும். பழைய போர்வையைப் பிரிக்கும்போது இன்னும் கவனம் தேவை. அதிகச் சூட்டில் கிடந்த போர்வையில் படிக சிலிக்கா உருவாகியிருக்கும், நன்றாக நனைத்த பிறகு உரியுங்கள்.